குகைச் சுவர் முதல் மறுமலர்ச்சிக் காலம் வரை: மேலைக் கலை வரலாற்றைக் கற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மேலை நாட்டு ஓவிய, சிற்ப வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் பலர் முதல் மாதத்திலேயே அதை விட்டுவிடுகிறார்கள். படங்கள் அவர்களை விரட்டுவதில்லை. பெயர்களும் ஆண்டுகளுமே விரட்டுகின்றன. நானும் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க ஆண்டுகளை எழுதி மனப்பாடம் செய்தேன். மூன்று வாரம் கழித்து எந்தப் படத்தைக் காட்டினாலும் அதன் ஆண்டு நினைவுக்கு வந்ததே தவிர, அந்தப் படத்தில் என்ன இருந்தது என்பது நினைவில் இல்லை. பிறகு கைக்கொண்ட வேறொரு முறையையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரே பொருளைக் காட்டும் இரண்டு படைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றுக்கிடையே என்ன மாறியிருக்கிறது என்று கண்ணால் தேடுவதுதான் அந்த முறை. ஆண்டுகளைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. பார்த்த படங்களோடு அவை தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

முதல் படி: அளவுகோலும் காலமும்

பள்ளிக்கூடத்தில் பயன்படுத்தும் 30 செ.மீ. அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடது முனையைப் பிரான்சின் ஷோவே குகை ஓவியங்களின் காலமாகவும், அதாவது ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முந்தையதாகவும், வலது முனையை இன்றைய நாளாகவும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சென்டிமீட்டரும் 1,200 ஆண்டுகளைக் குறிக்கும். ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் பழைமையான லாஸ்கோ குகை ஓவியங்கள் 16-ஆம் சென்டிமீட்டருக்கு அருகில் வரும். எகிப்தில் அரசு தோன்றிய கி.மு. 3100 அளவிலான காலம் 26-ஐ நெருங்கும். ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் 28-இல் நிற்கும். மறுமலர்ச்சிக் காலம் என்று நூலகங்களில் அலமாரி அலமாரியாகப் பேசப்படும் 15-ஆம் நூற்றாண்டும் 16-ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியும் சேர்ந்து, கடைசி சென்டிமீட்டருக்குள் ஒரு மில்லிமீட்டர் அகலமே பிடிக்கும். இதை ஒருமுறை பென்சிலால் குறித்துப் பார்த்துவிட்டால், குகை மனிதனை முதல் அத்தியாயத்தில் இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு ஓடும் புத்தகங்களின் மீது கொஞ்சம் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் நல்லது.

அதே அளவுகோல் இன்னொரு வேலைக்கும் பயன்படும். கைப்பேசித் திரை எல்லாப் படைப்புகளையும் ஒரே அளவாக்கிவிடுகிறது. வில்லன்டோர்ஃப் வீனஸ் என்று அழைக்கப்படும் கற்காலப் பெண் சிலை 11 செ.மீ. உயரமே உள்ளது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையின் உயரம் 5 மீட்டருக்கும் மேல். மோனாலிசா 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு மரப்பலகை. எந்தப் படைப்பைப் பார்க்கும்போதும் முதலில் அதன் அளவைத் தேடிப் பிடித்து, சுவரில் விரல்களால் அளந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு திரைக்குத் திரும்புங்கள்.

இரண்டாம் படி: குகைகளில் அவசரப்படாதீர்கள்

ஸ்பெயினின் அல்தாமிரா குகைக் கூரையில் இருந்த காட்டெருமைகளை 1879-இல் முதலில் கண்டவள், தந்தை சான்ஸ் தெ சவுத்துவோலா தரையைத் தோண்டிக்கொண்டிருந்தபோது அண்ணாந்து பார்த்த எட்டு வயது மகள் மரியா. இவ்வளவு தேர்ந்த ஓவியத்தைக் கற்கால மனிதர்கள் வரைந்திருக்க முடியாது என்று அன்றைய அறிஞர்கள் முடிவு கட்டி, அது அண்மைக் காலத்துப் போலி என்றார்கள். அந்தப் பழியோடு சவுத்துவோலா 1888-இல் இறந்தார். எதிர்த்தவர்களுள் முதன்மையானவரான எமில் கார்த்தையாக் தம் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதியது 1902-இல்தான்.

அந்தக் காட்டெருமைகளின் நல்ல புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில விலங்குகளின் உடல் அமைந்திருக்கும் இடத்தில் பாறையே புடைத்திருக்கிறது. வரைந்தவர் அந்தப் புடைப்பைத் தேடிக் கண்டு, அதையே விலங்கின் விலாவாக ஆக்கிக்கொண்டிருக்கிறார். இவை வேட்டைக்கான மந்திரம் என்று ஒரே வரியில் சொல்லும் விளக்கங்களை அப்படியே ஏற்க வேண்டாம். லாஸ்கோவில் தின்று எறியப்பட்ட எலும்புகளில் மிகப் பெரும்பாலானவை பனிமான்களின் எலும்புகள்; ஆனால் சுவர்களிலோ குதிரைகளும் காட்டு மாடுகளும் கலைமான்களும் நிறைந்திருக்க, பனிமான் என்று சொல்லத்தக்க உருவம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவர்கள் தின்றது ஒன்று, வரைந்தது வேறொன்று.

மூன்றாம் படி: எகிப்தின் குளமும் கிரேக்கத்தின் இடுப்பும்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள நெபாமுன் கல்லறை ஓவியங்கள் கி.மு. 1350 அளவில் வரையப்பட்டவை. அவற்றுள் தோட்டத்துக் குளத்தைக் காட்டும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளம் மேலிருந்து பார்த்ததுபோல் நீள்சதுரமாகத் தெரிகிறது. அதற்குள் மீன்களும் வாத்துகளும் பக்கவாட்டில் தெரிகின்றன. கரையில் உள்ள மரங்களும் பக்கவாட்டிலேயே நிற்கின்றன. இதை வரையத் தெரியாமையின் விளைவு என்று கொள்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஒவ்வொரு பொருளும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஐயமின்றி அடையாளம் தெரியுமோ அந்தப் பக்கத்தை மட்டும் காட்ட வேண்டும் என்பதே அங்குள்ள விதி. இறந்தவருக்கு மறுமையில் முழுக் குளமும் முழு மீனும் வேண்டும். பாதி மறைந்த மீன் அவருக்குப் பயன்படாது. மனித உருவங்களுக்கும் கட்டங்கள் போட்டு அளவு வகுத்திருந்தார்கள். நிற்கும் உருவம் உள்ளங்கால் முதல் நெற்றி முடிவரை 18 கட்டங்கள்.

இப்போது கிரேக்கத்துக்கு வாருங்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 590 அளவிலான கூரோஸ் என்னும் இளைஞன் சிலை எகிப்திய நிலையிலேயே நிற்கிறது: இடது கால் சற்று முன்னே, இரு கைகளும் தொடையோடு ஒட்டி, உடல் எடை இரு கால்களிலும் சமமாக. அதன் பக்கத்தில், ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள கி.மு. 480 அளவிலான கிரிட்டியோஸ் சிறுவன் என்னும் சிலையை வையுங்கள். பார்ப்பதற்கு முன், ஒரு கண்ணாடி முன் நின்று, எடை முழுவதையும் ஒரே காலில் போட்டுப் பாருங்கள். மற்ற முழங்கால் தளர்ந்து மடியும். எடை தாங்கும் பக்கத்தில் இடுப்பு சற்று மேலேறும். தலை தானாகவே லேசாகத் திரும்பும். கிரிட்டியோஸ் சிறுவனின் கல் உடலில் நடந்திருப்பது இதுதான். பிற்காலத்தில் இத்தாலியர்கள் இதற்குக் கான்ட்ராப்போஸ்தோ என்று பெயரிட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் நடந்த இந்த மாற்றத்தை உங்கள் இடுப்பில் உணர்ந்துவிட்டால், கிரேக்கச் சிற்பி பொலிக்ளிட்டஸின் ஈட்டி ஏந்திய வீரன் சிலையைப் புரிந்துகொள்ள எந்த உரையும் தேவையில்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பு. கிரேக்கச் சிலை என்று நாம் பார்ப்பவற்றுள் பல, ரோமானியர் செய்த பளிங்கு நகல்கள். மூலச் சிலைகள் வெண்கலத்தால் ஆனவை. பிற்காலத்தில் உலோகத்துக்காக உருக்கப்பட்டுவிட்டன. வீரனின் கால் அருகே காரணமே இல்லாமல் கல்லில் செதுக்கிய ஒரு மரக்கட்டை நின்றால், பெரும்பாலும் அது நகல் என்று கொள்ளலாம். வெண்கலம் தானே நிற்கும், பளிங்குக்கோ முட்டு வேண்டும். அந்த வெண்கலங்களும் சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் கையாளும் மெழுகு வார்ப்பு முறையைச் சேர்ந்தவையே. நம் ஊர்த் திருமேனிகள் கனமாக வார்க்கப்படுபவை, கிரேக்கரின் பெரிய சிலைகள் உள்ளே கூடானவை என்பதே வேறுபாடு. வெண்மையான பளிங்கே கிரேக்க அழகு என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். அவர்கள் தங்கள் கற்சிலைகளுக்கு வண்ணம் தீட்டியிருந்தார்கள்.

நான்காம் படி: கதைகளையும் அடையாளங்களையும் அறிதல்

இதற்கு மேல் செல்வதற்கு முன் ஒரு வாரத்தை ஒதுக்கி விவிலியத்தின் லூக்கா நற்செய்தியை முழுவதுமாகப் படியுங்கள். மங்கள வார்த்தை (இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாவுக்கு அறிவித்தல்), இயேசு பிறப்பு, இராவுணவு (இயேசு சீடர்களோடு உண்ட கடைசி உணவு), சிலுவைப்பாடு ஆகிய நான்கும் தெரியாமல் அடுத்த ஆயிரம் ஆண்டு ஓவியங்களுக்குள் நுழைய முடியாது. வேலும் மயிலும் கண்டதும் முருகன் என்று நாம் அறிவதுபோல, புனிதர்களை அவர்கள் ஏந்தும் பொருளால் அறிய வேண்டும்: சாவி என்றால் பேதுரு, முள் பதித்த சக்கரம் என்றால் கத்தரீன், அருகில் சிங்கம் என்றால் ஜெரோம். உடலெங்கும் அம்பு தைத்து நிற்கும் செபஸ்தியாரையும், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியாரையும் நம் ஊர்த் தேவாலயங்களில் பார்த்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

ஐந்தாம் படி: இடைக்காலத்தை இரண்டு கட்டடங்களால் கடத்தல்

ரோமானியக் கலைக்கும் இடைக்காலத்துக்கும் தனித்தனிப் புத்தகங்கள் தேவைப்படும் என்பதை ஒப்புக்கொண்டே, தொடக்க நிலையில் இரண்டு இடங்கள் போதும் என்பேன். ஒன்று, இத்தாலியின் ராவென்னா நகரில் கி.பி. 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயம். பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் தங்கள் பரிவாரத்தோடு அங்கே மொசைக்கில் நிற்கிறார்கள். அவர்களது பாதங்களை மட்டும் பாருங்கள்: அவை எந்தத் தரையிலும் ஊன்றவில்லை, காற்றில் தொங்குகின்றன. கிரேக்கர் பாடுபட்டுக் கண்டறிந்த எடை இங்கே வேண்டுமென்றே கைவிடப்பட்டிருக்கிறது. ஜஸ்டினியனின் பின்னணியில் வானமோ சுவரோ இல்லை, பொன் மட்டுமே. சிறு கண்ணாடிச் சில்லுகளுக்குள் பொன் தகட்டை வைத்து, அவற்றைச் சாந்தில் வெவ்வேறு சாய்வில் பதிப்பார்கள்; விளக்கு அசைய அசைய, நாம் நகர நகரச் சுவரே மினுமினுக்கும். அசையாத புகைப்படத்தில் இது தெரியாது. இயன்றால் காணொளியில் பாருங்கள்.

மற்றொன்று, பிரான்சின் சார்த்ர் பேராலயம். 1194-இல் தீக்கிரையான பின் பெரும்பகுதி மீண்டும் கட்டப்பட்டது. கூரையின் பாரத்தை வெளியே நிற்கும் பறக்கும் முட்டுச் சுவர்களும் கூர்வளைவுகளும் தாங்கிக்கொண்டதால், சுவர்களைத் திறந்து அங்கெல்லாம் வண்ணக் கண்ணாடி பொருத்த முடிந்தது. இந்தப் பாணிக்குக் கோதிக் என்ற பெயர் பின்னாளில் வசைச்சொல்லாகவே வந்தது. 1550-இல் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதி வெளியிட்ட ஜோர்ஜோ வசாரி, கோத்தர்கள் என்னும் காட்டுமிராண்டிகளின் வேலை என்று இதைப் பழித்தார். கலை பண்டைக் காலத்தில் உயர்ந்து, இடையில் அழிந்து, ஃபிளாரன்ஸில் மறுபிறவி எடுத்தது என்ற கதையும் அவர் ஊன்றியதே. இன்றைய பாடப்புத்தகங்களும் அந்தக் கதையின் நிழலில்தான் நிற்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

ஆறாம் படி: மூன்று மரியன்னைகள்

என்னைக் கேட்டால் மொத்தப் பாடமும் ஃபிளாரன்ஸின் உஃபிட்சி அருங்காட்சியகத்தின் ஒரே அறையில் இருக்கிறது. அரியணையில் மரியன்னை, மடியில் குழந்தை, இருபுறமும் வானதூதர்: இதே பொருளில் சிமாபுவே, தூச்சோ, ஜொட்டோ மூவரும் ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்குள் வரைந்த மூன்று பெரும் பலகைகள் அங்கே ஒன்றாக நிற்கின்றன. மூன்றையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் சிமாபுவே. மரியன்னையின் ஆடை மடிப்புகளின் மேல் பொற்கோடுகள் வலைபோல் ஓடுகின்றன. அவை ஒளியைக் காட்டுகின்றன, உடலைக் காட்டவில்லை. வானதூதர்கள் அரியணையின் இருபுறமும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக ஏணிப்படிபோல் அடுக்கப்பட்டிருக்கிறார்கள். கீழே, அரியணைக்கு அடியில், நான்கு தீர்க்கதரிசிகள் வளைவுகளுக்குள் இருக்கிறார்கள். அடுத்து, ஒரு பக்தர் குழு 1285-இல் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து வரையச் சொன்ன தூச்சோவின் படம். மரியன்னையின் மேலாடை விளிம்பில் மட்டும் ஒரே ஒரு பொன் கோடு, ஆற்றுப் போக்குப்போல் வளைந்து வளைந்து இறங்குகிறது. அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்து சென்று பாருங்கள். வானதூதர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள், ஆனால் மண்டியிட அவர்களுக்குத் தரை இல்லை.

பிறகு 1310 அளவில் ஜொட்டோ வரைந்தது. பொற்கோடுகள் போய்விட்டன. ஆடைக்குக் கீழே முழங்கால்கள் இருக்கின்றன என்பது தெரிகிறது; துணி மார்பில் படிந்து மடியில் கனமாக இறங்குகிறது. இந்தப் பெண் எழுந்தால் அரியணை சற்று அசையும் என்று தோன்றுகிறது. உதடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தால், மெல்லத் திறந்த வாயில் பல்லின் வெண்மை தெரியும். முன்னால் மண்டியிட்ட இரு வானதூதர்கள் பூச்சாடி ஏந்தித் தரையில்தான் இருக்கிறார்கள். பின்னால் நிற்பவர்களின் முகங்களைப் பாருங்கள்: முன்னால் நிற்பவரின் ஒளிவட்டம் பின்னால் நிற்பவரை மறைக்கிறது, அரியணையின் திறப்பு வழியாகச் சிலர் எட்டிப் பார்க்கிறார்கள். எகிப்தின் மீன் முழுதாகத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. இங்கோ புனிதர்களே பாதி மறைகிறார்கள். ஒருவர் பாதி மறைந்தால்தான் அவருக்கு முன்னே இடம் இருக்கிறது என்று பொருள்.

மூன்றையும் பார்த்து முடித்த பின், எது சிறந்தது என்று முடிவு செய்ய அவசரப்படாதீர்கள். எனக்குத் தூச்சோவின் அந்தப் பொன் விளிம்புக்கு ஈடாக எதுவும் இல்லை. ஆனால் அடுத்த நூற்றாண்டு ஃபிளாரன்ஸில் நடந்தது ஜொட்டோவின் வழியேதான் நடந்தது.

ஏழாம் படி: அளவுகோலை மீண்டும் எடுங்கள்

ஃபிளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயச் சுவரில் மசாச்சோ 1427 அளவில் தீட்டிய பரிசுத்த திரித்துவம் என்னும் சுவரோவியத்தை ஒரு தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். சிலுவைக்குப் பின்னால் ஒரு வளைகூரை பின்னோக்கிச் செல்கிறது. அதில் சதுரச் சதுரமாகப் பள்ளக் கட்டங்கள் உண்டு. உள்ளே செல்லும் கட்டக் கோடுகள் ஒவ்வொன்றின் மேலும் அளவுகோலை வைத்து, பென்சிலால் கீழே நீட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாக் கோடுகளும் சிலுவையின் அடியில், மண்டியிட்டிருக்கும் கொடையாளர் இருவரின் தளத்தருகே, ஒரே புள்ளியில் வந்து கூடும். தேவாலயத் தரையில் நிற்பவரின் கண் மட்டமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே சுவரைத் துளைத்து ஒரு சிற்றாலயம் திறந்ததுபோல் அது தோன்றுகிறது. ஈரச் சாந்தில் கயிறு வைத்துப் பதித்த கோடுகள் இன்றும் அந்தச் சுவரில் உள்ளன.

தொலைவைக் கணக்கிட்டு வரையும் இந்தப் பெர்ஸ்பெக்டிவ் முறையைச் செய்து காட்டியவராகக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி குறிப்பிடப்படுகிறார்; அதை 1435-இல் நூலாக எழுதியவர் ஆல்பெர்தி. மசாச்சோ 1428-இல், 26 வயதில் இறந்துவிட்டார். ஓவியத்தின் அடியில் ஒரு எலும்புக்கூடு படுத்திருக்கிறது. நீங்கள் இன்று இருப்பதுபோல் நானும் இருந்தேன், நான் இருப்பதுபோல் நீங்களும் ஆவீர்கள் என்ற பொருள்பட அதன் மேல் எழுதியிருக்கிறது.

எட்டாம் படி: வடக்கே ஒரு கண்ணாடி

இத்தாலியிலேயே தங்கிவிடுவது அடுத்த பெரும் பிழை. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, யான் வான் ஐக் 1434-இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதி படத்தில் அதே அளவுகோலை வைத்துப் பாருங்கள். கோடுகள் ஒரே புள்ளியில் கூடவில்லை. ஆனாலும் அந்த அறையை நம்புகிறோம். காரணம் ஒளி. எண்ணெயில் குழைத்த நிறத்தை மெல்லிய படலம் படலமாகப் பூசியதால் நாயின் மயிரும், பித்தளைச் சரவிளக்கின் பளபளப்பும், சன்னலோரத்து ஆரஞ்சுப் பழமும் தொட்டுப் பார்க்கலாம்போல் இருக்கின்றன. நடுச்சுவரில் உள்ள குவிந்த கண்ணாடியைப் பெரிதாக்கினால் தம்பதியின் முதுகும், வாசலில் வந்து நிற்கும் வேறு இருவரும் தெரிவார்கள். எண்ணெய் வண்ணத்தைக் கண்டுபிடித்தவரே வான் ஐக் என்று வசாரி எழுதியது தவறு. எண்ணெய் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

நிறங்களின் விலையும் இந்த வரலாற்றின் பகுதிதான். உயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் கிடைத்த லாபிஸ் லசூலி கல்லை அரைத்து எடுத்தது. ஃபிளாரன்ஸின் ஓவியர் கிர்லாந்தாயோவுக்கு 1485-இல் எழுதப்பட்ட ஒப்பந்தம், நீலம் அவுன்ஸுக்கு ஏறத்தாழ நான்கு ஃபுளோரின் (ஃபிளாரன்ஸின் பொற்காசு) பெறுமதி உடையதாக இருக்க வேண்டும் என்றே நிபந்தனை விதித்தது.

ஒன்பதாம் படி: பெரும் பெயர்களைக் கடைசியில் சந்தியுங்கள்

லியொனார்டோவின் இராவுணவை மட்டும் தனியாகப் பார்க்காமல், காஸ்தாஞ்ஞோ 1447-இல் ஃபிளாரன்ஸில் அதே பொருளில் தீட்டிய சுவரோவியத்தோடு சேர்த்துப் பாருங்கள். காஸ்தாஞ்ஞோ, இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசை மேசையின் இந்தப் பக்கம் தனியே உட்காரவைத்திருக்கிறார். துரோகி யார் என்று தேட வேண்டிய வேலையே இல்லை. லியொனார்டோ மிலானில் 1495 முதல் 1498 வரை வரைந்தபோது அவனை மற்றவர்களோடு ஒரே வரிசையில் அமர்த்தினார். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்ற இயேசுவின் சொல் வந்து விழுந்ததும், அந்த வரிசை மும்மூவராகக் கலைந்து அலைபாய்கிறது. மெதுவாக, திருத்தித் திருத்தி வரைய விரும்பியதால் ஈரச் சாந்தில் வரையாமல் உலர்ந்த சுவரில் தீட்டினார். அவர் உயிரோடு இருந்தபோதே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. வத்திக்கானில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயக் கூரையையும் (1508 முதல் 1512 வரை), அதே ஆண்டுகளில் சில அறைகள் தள்ளி ரபேல் தீட்டிய ஏதென்ஸ் பள்ளியையும் இதே போல இணையாக வைத்துப் பார்க்கலாம்.

பத்தாம் படி: எங்கே நிறுத்துவது

ரபேல் 1520-இல் இறந்தார். 1527-இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டது. பல புத்தகங்கள் அங்கே கோடு போட்டு நிறுத்தும். நீங்கள் ஒரே ஒரு படம் கூடுதலாகப் பாருங்கள். ஜொட்டோ 1305 அளவில் பதுவா நகரின் ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தில் தீட்டிய, இறந்த இயேசுவைச் சுற்றி அழுவோரின் காட்சியை இடப்பக்கம் வையுங்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அந்த இருவரின் பாரம் தரையை அழுத்துகிறது. வலப்பக்கம், பொந்தோர்மோ 1525-க்கும் 1528-க்கும் இடையில் ஃபிளாரன்ஸின் சாந்தா ஃபெலிசித்தா தேவாலயத்தில் உள்ள ஒரு சிற்றாலயத்துக்கு வரைந்த படத்தை வையுங்கள். அதே துயரம், அதே இறந்த உடல். ஆனால் சிலுவை இல்லை, கல்லறை இல்லை, நிற்கத் தரையும் ஏறத்தாழ இல்லை. இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் உடுத்த உடல்கள் ஒன்றோடொன்று பின்னி மிதக்கின்றன, மேலே ஒரு துண்டு மேகம் மட்டும். ராவென்னாவில் தொங்கிய பாதங்கள் உங்களுக்கு நினைவுக்கு வர வேண்டும். பொந்தோர்மோவின் இந்தப் படம் இன்றும் தொங்கும் சாந்தா ஃபெலிசித்தாவின் அந்தச் சிற்றாலயத்தைக் கட்டியவர், பெர்ஸ்பெக்டிவ் முறையைச் செய்து காட்டிய அதே புருனெல்லெஸ்கி.